சிவப்பு வெளுத்த வரைபடம்

அண்ணிக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. கால் நடந்தால்தான் மூளை நடக்கும். எங்கள் துப்பறியும் நிலையமோ மொத்தமே ஒரு அறை. அதில் இரண்டு மேஜை, ஒரு அலமாரி, மூன்று நாற்காலி, அப்புறம் நான். அவர் யோசிக்க ஆரம்பித்தால் நான் காலைத் தூக்கி நாற்காலிமேல் மடக்கிக்கொள்ள வேண்டும். அன்று காலை மடக்க மறந்துபோய் இரண்டு தடவை மிதி வாங்கினேன். மன்னிப்பெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. கொழுந்தன் என்றால் மிதிபடப் பிறந்தவன் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். துப்பட்டா நுனியை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தார். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கும் அவர் கணவருக்கு மூன்று மணிக்கு விசாரணை. அதற்குள் எங்களால் ஒன்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

விஷயம் இதுதான். கணவர் குடிநீர் அலுவலகத்தில் லைன் இன்ஸ்பெக்டர். ஊரின் தெற்கு ஏரியா முழுக்க அவர் பொறுப்பு. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைக் கிளினிக்குகள் தினமும் அந்த அலுவலகத்துக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் அதை வரைபடமாக்கும். ஊரைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, சராசரிக்கு ரொம்ப மேலே போன கட்டத்துக்குச் சிவப்பு, கீழே இருப்பதற்கு நீலம், சராசரியை ஒட்டியே இருந்தால் வெள்ளை. இன்ஸ்பெக்டர்கள் காலையில் டேப்லெட்டைத் திறந்து பார்த்து, எங்கே சிவப்போ அங்கே ஓடிப்போய்க் குழாயைச் சோதிக்க வேண்டும்.

போன திங்கட்கிழமை காலை தன் ஏரியா வெள்ளையாக இருந்தது என்கிறார் கணவர். அன்று காலை அலுவலகக் கம்ப்யூட்டர் தானாகச் சேமித்து வைத்த படத்தில் அதே ஏரியா ரத்தச் சிவப்பு. மறுநாள் தெற்கு ஏரியாவில் வீட்டுக்கு ஒருவர் படுத்துவிட்டார்கள். அதில் ஒருவன் இந்தப் பெண்ணின் அண்ணன் மகன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அண்ணன் அவன் பக்கத்தை விட்டு நகராமல், வராந்தாக் குழாயில் தண்ணீர் பிடித்து, உப்புச்சர்க்கரைப் பொடியைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டிருக்கிறார். இந்நேரம் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிறாராம் டாக்டர். பையன் கண்ணையே திறக்க மாட்டேன் என்கிறான்.

மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று உயிரை விட்டுக்கொண்டிருந்த அண்ணன் இப்போது அவரை 'அந்த ஆளு' என்றுதான் சொல்கிறாராம். இதைச் சொல்லும்போதுதான் அந்தப் பெண் துப்பட்டாவை முறுக்குவதை நிறுத்தினார்.

"அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கணும்னு நான் வரலைங்க," என்றார். "அவர் பொய் சொல்றாரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும். பொய்யின்னா சாயங்காலமே பொண்ணைக் கூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அந்தப் பையன் முகத்தைப் பார்த்துட்டு இவர்கூட ஒரே வீட்டுல என்னால இருக்க முடியாது."

சும்மா இருக்க முடியாமல் நான் என் முதல் கண்டுபிடிப்பை அவிழ்த்துவிட்டேன். மனுஷருக்கு நிறம் பிரித்துத் தெரியாத கோளாறு இருக்கலாம். அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னாலேயே கடையில் உட்கார வைத்து எல்லா அட்டையும் காட்டிச் சோதித்துவிட்டாராம். கழுகுக் கண்ணாம். நான் காலை மடக்கிக்கொண்டேன்.

அப்புறம் தன் செல்போனை நீட்டினார். திங்கட்கிழமை காலை கணவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். தெற்கு ஏரியா முழுக்கப் பாலாக வெள்ளை. ஒரே ஒரு கட்டம் மட்டும் அடர் சிவப்பு. கீழே, 'நம்ம ஏரியா வெள்ளை, மதியமே வந்துடுவேன்' என்று ஒரு வரி. சொன்னபடி மதியமே வந்தாராம், சாப்பிட்டாராம், தூங்கினாராம். அந்தத் தூக்கத்தைத்தான் அந்தப் பெண்ணால் ஜீரணிக்க முடியவில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்க நிறத்தை மாற்றிப் படம் தயாரித்துக்கொண்டார் என்று அலுவலகம் சொல்கிறது.

அண்ணி நடையை நிறுத்தாமலே அந்தப் படத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, வண்டிச் சாவியை எடு என்றார்.

குடிநீர் அலுவலகத்தில் வரைபடம் தயாரிப்பவரின் அறை குளிர்ந்து நடுங்கியது. மேப்காரர் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். விசாரணை நாளில் வெளியாட்கள் வந்து கேள்வி கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அண்ணி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்ததும், பதில் சொல்லிவிட்டால் இந்த அம்மா போய்விடும் என்று புரிந்துகொண்டார். எனக்குத் தெரிந்து அண்ணியின் பெரிய ஆயுதமே அந்த நடைதான்.

சேமித்து வைத்த படத்தைத் திரையில் காட்டினார். ஊரின் தெற்கு மூலை மிளகாய்த்தூள் கொட்டியது போல இருந்தது. மிச்ச ஊரெல்லாம் வெள்ளையும் வெளிர் நீலமும். படத்தை யாராவது திருத்தியிருக்க முடியுமா என்று அண்ணி கேட்டார். முடியவே முடியாது, எண்களை யாரும் தொடவில்லை, தொட்டால் பதிவாகிவிடும் என்று சாதித்தார். நிறத்தை? அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லையாம்.

"நிறமெல்லாம் தானா வர்றதுங்க," என்றார் மேப்காரர். "முன்னாடி ரொம்ப மந்தமா இருந்துச்சு. வெளியூர்லேர்ந்து பார்வையாளருங்க வந்தப்போ, எங்கே தொட்டாலும் பளிச்சுன்னு எல்லா நிறமும் தெரியணும்னு சீஃப் சொன்னார். இப்ப பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு."

எனக்கு அழகாகத் தெரியவில்லை. அண்ணி அழகைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஸ்கிரீன்ஷாட்டில் தனியாகச் சிவந்திருந்த அந்தக் கட்டம் எது என்று மட்டும் கேட்டார். பஸ் டிப்போ என்றார் மேப்காரர். அலுவலகப் படத்தில் அதுவும் சிவப்புதான். சுற்றியிருக்கும் கட்டங்களைவிட ஒரு சாயல் கூடுதல், அவ்வளவுதான்.

வண்டியில் ஏறியதும் என் முடிவை அறிவித்தேன். ஆபீஸ்காரர்கள் கூட்டுச் சேர்ந்து படத்தை மாற்றிவிட்டார்கள், பழியைப் பாவப்பட்டவன் தலையில் கட்டுகிறார்கள், ஸ்வெட்டர் ஆசாமியின் முழியே சரியில்லை. அண்ணிக்கு வண்டியில் நடக்க இடமில்லாததால் முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"நீ சொல்றபடி ஆபீஸ் பொய் சொல்லுது, அவங்க சொல்றபடி இவர் பொய் சொல்றார்," என்றார். "டிமிக்கி குடுக்கிறவன் ஊரையே வெள்ளையடிச்சுட்டு ஒரு கட்டத்தை மட்டும் ஏன்டா சிவப்பா விடணும்? சிவப்பு இருந்தா போய்ப் பார்க்கணுமே. தனக்குத்தானே வேலை வெச்சுக்கிற சோம்பேறியை நீ பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. வீட்டில் கண்ணாடி இருக்கிறது, எனக்குச் சோம்பேறிகளை நன்றாகத் தெரியும்.

டிப்போவில் கேன்டீன்காரர் எங்களைக் கண்டதும் முறைத்தார். இன்ஸ்பெக்டர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் முறைப்பு கூடியது. திங்கட்கிழமை காலை அந்த ஒல்லி ஆசாமி வந்தாராம். டிப்போவில் இருக்கும் அத்தனை குழாயையும் திறந்து திறந்து பாட்டிலில் பிடித்தாராம். ஏரியாவிலேயே உங்கள் இடம் ஒன்றுதான் சிவப்பு என்று சொல்லிக் கேன்டீன் குழாயை மூடி முத்திரை வைத்துவிட்டுப் போனாராம். டிரைவர்களுக்கெல்லாம் காலை டீ கிடைக்காமல் கேன்டீன்காரரைத்தான் பிடித்துத் திட்டினார்களாம். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. மனுஷர் டிமிக்கி கொடுக்கவில்லை. படத்தில் எது சிவப்போ அங்கே போயிருக்கிறார், வேலையைச் செய்திருக்கிறார். ஆனால் குதிப்பதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. அப்படியானால் ஆபீஸ் படம்? எண்ணை யாரும் தொடவில்லை என்று அந்த ஸ்வெட்டர் அடித்துச் சொல்கிறாரே. ஒரே ஏரியா, ஒரே காலை, இரண்டு நிறம். இரண்டில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?

கேன்டீன்காரர் கடையைப் போட்டுவிட்டு விசாரணைக்கெல்லாம் வர முடியாது என்றார். பேசுவதை வீடியோவாவது எடு என்றார் அண்ணி. மனுஷர் ஷெட் வாசலில் போய் நின்றார். வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் கொளுத்திக்கொண்டிருந்தது. செல்போனில் பார்த்தால் வாசல் மட்டும் பளபள, ஆள் கரிக்கட்டை. இந்த உருவத்தைக் காட்டினால் சாட்சி என்று சொல்ல மாட்டார்கள், பேய் என்பார்கள் என்றேன். கிட்டப் போய் முகத்தை மட்டும் பிடி என்று அண்ணி அதட்டினார். போனேன். முகம் திரையை நிறைத்ததும் செல்போன் தானாகச் சரிசெய்துகொண்டது. கரிக்கட்டையாக இருந்தவரின் மூக்குமேல் மருகூடத் தெரிந்தது. பின்னால் போனேன், மறுபடி கரிக்கட்டை. முன்னால் வந்தேன், மரு.

அண்ணி நின்றுவிட்டார்.

நான் அவரிடம் சேர்ந்ததிலிருந்து அவர் அப்படி நின்று பார்த்ததே இல்லை. முழங்கால்கூட ஆடவில்லை. செல்போனை எடுத்து மேப்காரரைக் கூப்பிட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சராசரி, சராசரிங்கிறீங்களே, அது எதோட சராசரி?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் ம்ம் என்றார். இன்னொரு ம்ம். வைத்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நச்சரித்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை மட்டும், அந்தப் பையன் இன்னும் ஏன் தேறலை என்று தனக்குள்ளே முணுமுணுத்தார். வரைபடத்தைப் பற்றிக் கேட்டால் பையனைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சிக்னலில் காத்திருக்கவும் பொறுமையில்லை. அவருடைய வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டு, பிரேக்கை மிதித்த காலே ஆடியது.

விசாரணை அறையில் நீளமான மேஜை. சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குத் திரை. மேஜைமேல் ஆளுக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். தலைமைப் பொறியாளர், அதாவது எல்லாரும் சீஃப் என்று சொல்கிறவர், நடுநாயகமாக உட்கார்ந்து பாதி டம்ளரைக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். மேப்காரர் அவர் பக்கத்தில். எதிரே இன்ஸ்பெக்டர். கேன்டீன்காரர் சொன்னது போல ஒல்லிதான். தலை நிமிரவில்லை. அவர் மனைவி கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, கணவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் சார்பில் பேச வந்தவர்கள் என்று எங்களை உள்ளே விட்டார்கள்.

வெயிலில் அலைந்ததில் நாக்கு ஒட்டிக்கொண்டது. டம்ளரை எடுக்கப் போனேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டார். சபை மரியாதை என்று நினைத்து அடங்கிவிட்டேன்.

சீஃப் பேச ஆரம்பித்தார். கேன்டீன்காரரின் வீடியோவை ஒரு கையசைப்பில் ஒதுக்கினார். டிப்போவுக்குப் போனதை யார் மறுத்தார்கள்? ஏரியாவே பற்றி எரியும்போது ஒரு இடத்துக்கு மட்டும் போய்க் கணக்குக் காட்டினார், அதுதான் குற்றம் என்றார். சுவரில் திங்கட்கிழமைக் கணக்கைப் போடச் சொன்னார். ஊர் விரிந்தது. தெற்கு மூலை மிளகாய்த்தூள்.

"இதைப் பார்த்துட்டும் ஒருத்தன் வெள்ளைன்னு சொல்வானா?" என்றார். "அந்த ஸ்கிரீன்ஷாட் இவர் கைவேலை. இதுக்குமேல என்ன விசாரிக்க இருக்கு?"

எனக்கு முகம் விழுந்துவிட்டது. பின்வரிசையில் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி மட்டும் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்குக் கொஞ்சம் பார்வை மட்டு ஐயா. அந்தச் சிவப்பை மட்டும் கிட்டக் காட்டுங்களேன், பார்த்துட்டு ஒத்துக்கறேன்."

சீஃபுக்கு அதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? மேப்காரரின் கையை ஒதுக்கிவிட்டு மவுஸைத் தானே பிடித்தார். தெற்கு ஏரியாவைப் பெரிதாக்கினார். முதல் உருட்டலில் சிவப்பு கொஞ்சம் வெளுத்தது. அடுத்த உருட்டலில் இளஞ்சிவப்பு. மனுஷர் விடாமல் உருட்டினார். மற்ற ஊர் திரையை விட்டு வெளியே போய்த் தெற்கு ஏரியா மட்டும் நின்றபோது, சுவர் முழுக்கப் பாலாக வெள்ளை. நடுவில் ஒரே ஒரு கட்டம், பஸ் டிப்போ, அடர் சிவப்பு.

அண்ணி ஸ்கிரீன்ஷாட்டைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். இரட்டைப் பிள்ளைகள். சீஃபின் கை கழுதை முதுகில் மாட்டிக்கொண்டவன் கடிவாளத்தைப் பிடிப்பது போல மவுஸைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

அண்ணி விளக்கினார். நிறம் எண்ணிலிருந்து வரவில்லை, திரையில் அந்த நேரம் என்ன தெரிகிறதோ அதன் சராசரியிலிருந்து வருகிறது. முழு ஊரையும் சேர்த்துப் பார்த்தால் தெற்கு ஏரியா சிவப்பு. தெற்கு ஏரியாவை மட்டும் பார்த்தால், அங்கே எல்லாக் கட்டமும் ஒரே அளவுக்கு மோசம். ஒன்றுக்கொன்று ஒப்பிட்டால் எல்லாமே சராசரி, எல்லாமே வெள்ளை. கொஞ்சம் கூடுதல் மோசமான டிப்போ மட்டும் சிவப்பு. இன்ஸ்பெக்டர்களின் டேப்லெட் அவரவர் ஏரியாவில்தான் திறக்கும். அவர் பார்த்தது வெள்ளை. ஆபீஸ் சேமித்தது சிவப்பு. இரண்டும் நிஜம்.

எங்கே தொட்டாலும் எல்லா நிறமும் தெரியணும் என்று கேட்டது யார் என்பதை அண்ணி கேட்கவே இல்லை. மேப்காரர் தானாகவே சீஃபைப் பார்த்தார். நானும் பார்த்தேன். டிப்போவில் அண்ணி எதைப் பார்த்து நின்றார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேன்டீன்காரர் முகம் மாறவே இல்லை. எதோடு சேர்த்துப் பார்த்தேன் என்பதுதான் மாறியது.

சீஃப் தொண்டையைச் செருமினார். எப்படியிருந்தாலும் அலுவலகப் படம் சிவப்பாகத்தானே இருந்தது என்று இழுத்தார்.

"இருந்துச்சு ஐயா. திங்கட்கிழமை காலையிலேயே இருந்துச்சு," என்றார் அண்ணி. "அதை யார் பார்த்தது?"

பார்வையாளர்கள் வந்தால்தான் அந்தப் பெரிய திரையைப் போடுவார்கள் என்று மேப்காரர் முனகினார்.

வழக்கு முடிந்தது என்று நான் நாற்காலியை நகர்த்தினேன். அண்ணி உட்காரவில்லை. மவுஸை வாங்கி மேப்காரரிடம் கொடுத்தார். சுற்றுப்பட்டு ஊர்களின் கணக்கும் இதில் வருகிறது என்று கொஞ்சம் முன்னால் போனில் சொன்னீர்களே, அவையும் தெரிகிற வரைக்கும் வெளியே போங்கள் என்றார். மேப்காரர் தயங்கித் தயங்கி உருட்டினார். தெற்கு ஏரியா சிறுத்தது, மறுபடி சிவந்தது. ஊர் முழுசும் தெரிந்தது. இன்னும் வெளியே. பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றாகத் திரைக்குள் வந்தன, எல்லாம் வெளிர் நீலம்.

எங்கள் ஊர் சிவக்க ஆரம்பித்தது. தெற்கு மட்டும் இல்லை. மார்க்கெட், ஸ்கூல், நாங்கள் உட்கார்ந்திருந்த அலுவலகம், என் வீட்டுத் தெரு, ஒரு கட்டம் விடாமல் எல்லாமே சிவப்பு. இத்தனை நாளும் எங்களை எங்களோடேயே ஒப்பிட்டு நாங்கள் வெள்ளையாக இருந்திருக்கிறோம்.

சீஃபின் கை தானாக டம்ளரை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளியது. என் டம்ளரை அண்ணி ஏன் தட்டிவிட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். பழி நீங்கியது அவர் மனசில் ஏறியதாகவே தெரியவில்லை. திரையில் எதையோ தேடினார். ஊர் நடுவில் ஒரு சிவப்புக் கட்டத்தைக் கண்டதும் நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தார். அது ஆஸ்பத்திரி.

"போனைக் குடு," என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

அந்தப் பெண்ணுக்கும் அதே நொடியில் புரிந்துவிட்டது. வராந்தாக் குழாய். ஸ்பூன் ஸ்பூனாக. ஓடி வரும்போதே அண்ணன் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கணவர் கையில் திணித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். நானும் கூடவே நடந்தேன், வெட்கமில்லாமல். கடைசியில் எடுத்தார்கள். களைத்துப்போன குரல், என்ன என்றது.

"மச்சான், நான்தான் பேசறேன். வெச்சுடாதீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "பையனுக்கு அந்தக் குழாய்த் தண்ணியைக் குடுக்காதீங்க. பொடி கரைச்சது இருந்தா கொட்டிடுங்க. கொதிக்க வெச்ச தண்ணி, இல்லைன்னா சீல் உடைக்காத பாட்டில். என்னை அப்புறம் எவ்வளவு வேணா திட்டிக்குங்க, இதை மட்டும் இப்பவே செய்யுங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் ஒரு ஸ்பூன் எதிலோ பட்டுத் தரையில் விழும் ஓசை. தொட்டியில் தண்ணீர் கொட்டும் ஓசை.

"கொட்டிட்டேன்," என்றது குரல். "பாட்டில் வாங்கிட்டு சீக்கிரம் வாங்க மாப்பிள்ளை."